வங்கியாளர் போனஸும் 2008 நெருக்கடியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலக நிதி நெருக்கடிக்கும் வங்கி அதிகாரிகளின் சம்பளத்துக்கும் என்ன சம்பந்தம்? வீட்டுக் கடன்தானே காரணம்?

வீட்டுக் கடன்தான் பற்றிக்கொண்டது. ஆனால் திருப்பிக் கட்ட முடியாதவர்களுக்கு அவ்வளவு கடன் ஏன் கொடுத்தார்கள், அதைப் பொட்டலம் கட்டி உலகம் முழுக்க ஏன் விற்றார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் சம்பள முறையில்தான் போய் நிற்போம்.

ஏஐஜி என்ற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லட்சத்துக்கு மேல் ஊழியர்கள். அதில் சில நூறு பேர் மட்டும் வேலை பார்த்த ஒரு பிரிவு, கனெக்டிகட்டிலும் லண்டனிலும் அலுவலகம் வைத்து, ஒரு புதுவகைச் சரக்கை விற்றது. "உன்னிடம் இருக்கும் கடன் பத்திரம் மூழ்கினால் நான் ஈடு கட்டுகிறேன், அதற்கு வருடா வருடம் சின்னக் கட்டணம் கொடு" என்பதுதான் ஒப்பந்தம். சந்தையில் இதற்கு சிடிஎஸ் என்று பெயர். பெயரளவில் இது காப்பீடு இல்லை என்பதால், ஈடு கொடுக்கப் பணம் ஒதுக்கி வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வருகிற கட்டணம் முழுக்க லாபக் கணக்கில் ஏறியது. அந்த லாபத்தில் டாலருக்கு 30 சென்ட்டுக்கு மேல் அந்தப் பிரிவின் ஊழியர்களுக்கே போனது. பிரிவின் தலைவர் ஜோசப் கசானோ 8 ஆண்டுகளில் வாங்கியது சுமார் 28 கோடி டாலர்.

கட்டணம் இந்த வருடம் வருகிறது. போனஸும் இந்த வருடமே கைக்கு வருகிறது. பத்திரம் மூழ்குவது மூன்று நான்கு வருடம் கழித்து. அப்போது அந்த போனஸ் வீடாகவும் படகாகவும் மாறியிருக்கும். 2008 செப்டம்பர் 16 அன்று ஏஐஜியைக் காப்பாற்ற அமெரிக்க மத்திய வங்கி முதல் தவணையாக 8,500 கோடி டாலர் கடன் கொடுத்தது.

இதை யாரும் முன்பே எச்சரிக்கவில்லையா?

எச்சரித்தவர் நமக்குத் தெரிந்தவர்தான். 2005 ஆகஸ்டில், மத்திய வங்கியாளர்கள் கூடும் ஜாக்சன் ஹோல் மாநாட்டில், ஓய்வுபெறப் போகும் அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பானைப் பாராட்டக் கூடியிருந்த அவையில், அப்போது சர்வதேச நிதியத்தின் (ஐஎம்எஃப்) தலைமைப் பொருளாதார வல்லுநராக இருந்த ரகுராம் ராஜன் ஒரு கட்டுரை வாசித்தார். நிதிச் சந்தையின் வளர்ச்சி உலகத்தை இன்னும் ஆபத்தானதாக ஆக்கிவிட்டதோ என்பது அவர் எழுப்பிய கேள்வி. எப்போதாவது மட்டுமே வெடிக்கும், ஆனால் வெடித்தால் எல்லாவற்றையும் அழிக்கும் அபாயங்களைக் கண்ணுக்குத் தெரியாமல் சுமக்கும்படி மேலாளர்களின் ஊதிய முறை தூண்டுகிறது என்றார். அமெரிக்காவின் முன்னாள் நிதியமைச்சர் லேரி சம்மர்ஸ் எழுந்து, இந்தப் பேச்சே புதுமையை எதிர்க்கும் பழமைவாதம் என்கிற தொனியில் சாடினார். மூன்று ஆண்டுகளில் யார் சரி என்பது தெரிந்துவிட்டது.

லேமன் பிரதர்ஸ் மூழ்கியபோது அதன் முதலாளிகளின் சொத்தும் சேர்ந்துதானே போனது? அப்புறம் எப்படிச் சம்பள முறையைக் குறை சொல்ல முடியும்?

வங்கிகள் தரப்பு அன்று அடிக்கடி எடுத்து நீட்டிய வாதம் இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். 2008இல் கவிழ்ந்த அமெரிக்க முதலீட்டு வங்கிகளான லேமனும் பேர் ஸ்டெர்ன்ஸும் தங்கள் அதிகாரிகளுக்குப் பங்குகளாகவே அள்ளிக் கொடுத்த நிறுவனங்கள். பங்கு விழுந்தபோது லேமனில் அது பூஜ்யமானது, பேர் ஸ்டெர்ன்ஸில் பெரும்பகுதி கரைந்தது.

ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் லூசியன் பெப்சக்கும் சகாக்களும் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்த்தார்கள். 2000 முதல் 2008 வரை போனஸாகவும், இடையிடையே பங்குகளை விற்றும், பேர் ஸ்டெர்ன்ஸின் முதல் ஐந்து அதிகாரிகள் எடுத்துக்கொண்டது சுமார் 140 கோடி டாலர். லேமனின் ஐவர் எடுத்தது சுமார் 100 கோடி டாலர். கடைசியில் இழந்தது உண்மை. அதற்கு முன் எடுத்ததை யாரும் திரும்பக் கேட்கவில்லை என்பதும் உண்மை.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. அதிகாரிக்குப் பங்கு கொடுத்தால் பொறுப்பாக நடப்பார் என்பது ஒரு நம்பிக்கை. ஃபாலன்பிராக், ஸ்டுல்ஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு அதை அசைத்துப் பார்த்தது. தலைமை அதிகாரியின் நலன் பங்குதாரர் நலனோடு நன்றாகப் பின்னப்பட்டிருந்த வங்கிகள் நெருக்கடியில் தப்பித்ததற்கு ஆதாரம் இல்லை; சொல்லப்போனால் சில அளவீடுகளில் அவையே அதிகம் அடிவாங்கின. யோசித்தால் ஆச்சரியமில்லை. ஒரு ரூபாய் முதலுக்கு முப்பது ரூபாய் கடன் வாங்கிச் சூதாடும் வங்கியில், ஜெயித்தால் லாபம் முழுக்கப் பங்குதாரருக்கு. தோற்றால் அவர் இழப்பது அந்த ஒரு ரூபாயை மட்டும். மீதி கடன் கொடுத்தவன் தலையிலோ அரசாங்கத்தின் தலையிலோ விடியும். பங்குதாரரும் சூதாட்டத்தை விரும்புகிறவர்தான்.

மக்கள் கோபம் குறிப்பாக போனஸ் மேல் ஏன் திரும்பியது? மீட்புத் தொகையோடு ஒப்பிட்டால் அது சில்லறைதானே?

சில்லறைதான். ஆனால் ஏஐஜி கதையைக் கேட்டால் யாருக்கும் ரத்தம் கொதிக்கும். 2009 மார்ச்சில், நிறுவனத்தை மூழ்கடித்த அதே பிரிவுக்கு, "வேலையை விட்டுப் போகாமல் இருப்பதற்காக" சுமார் 16.5 கோடி டாலர் கொடுத்தார்கள். அதில் 73 பேருக்குத் தலா 10 லட்சம் டாலருக்கு மேல். அந்த 73 பேரில் 11 பேர் ஏற்கெனவே வேலையை விட்டுப் போயிருந்தார்கள் என்று நியூயார்க் அட்டர்னி ஜெனரல் ஆண்ட்ரூ கோமோ கண்டுபிடித்துச் சொன்னார்! ஒரு வாரம்கூடக் கழியவில்லை, பெருமளவு அரசுப் பணம் வாங்கிய நிறுவனங்களின் போனஸ் மீது 90 சதவீத வரி போடும் மசோதாவை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 328க்கு 93 என்ற வாக்கில் நிறைவேற்றியது. செனட் அதைத் தொடவே இல்லை.

பிரிட்டனில் அந்த வேடம் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்துக்கு. 2008இல் 2,410 கோடி பவுண்டு நட்டம், பிரிட்டிஷ் நிறுவன வரலாற்றில் அதுவரை இல்லாத அளவு. அரசு 4,550 கோடி பவுண்டு போட்டு வங்கியைத் தூக்கி நிறுத்தியது. தலைமை அதிகாரி ஃபிரெட் குட்வின் 50 வயதில் வெளியேறினார், வருடத்துக்கு 7,03,000 பவுண்டு ஓய்வூதியத்தோடு. ஊரே திட்டிய பிறகு அது 3,42,500 ஆகக் குறைந்தது. 2012இல் அவருடைய 'சர்' பட்டமும் பறிக்கப்பட்டது. அரசிடமிருந்த கடைசிப் பங்கு 2025 மே மாதம்தான் விற்றுத் தீர்ந்தது; போட்ட பணத்தில் 1,000 கோடி பவுண்டுக்கு மேல் திரும்பவில்லை. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தது யார் என்று வரி கட்டியவர் கேட்டால் என்ன பதில் சொல்வது?

சரி, விதிகள் எப்படி மாறின?

2009 ஏப்ரலில் ஜி20 நாடுகள் லண்டனில் கூடி, நிதி நிலைத்தன்மை வாரியம் என்ற அமைப்பை உருவாக்கின. அந்த வாரியம் ஊதியக் கொள்கைகளை வகுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பிட்ஸ்பர்க் மாநாடு அவற்றின் செயல்முறையை ஏற்றது. சாரம் இதுதான்: மூத்த அதிகாரிகளின் போனஸில் 40 முதல் 60 சதவீதம் வரை உடனே கொடுக்கக் கூடாது, குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துத் தர வேண்டும், பாதிக்கு மேல் பங்குகளாக இருக்க வேண்டும், நட்டம் வந்தால் குறைக்கவோ திரும்ப வாங்கவோ வழி இருக்க வேண்டும்.

சட்டமொழியில் இது வறட்சியாகத் தெரியும். பிரிட்டன் 2016இல் கடுமையாக்கிய, 2025 வரை இருந்த விதிப்படி ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு வங்கித் தலைவருக்கு 10 லட்சம் பவுண்டு போனஸ் என்று வையுங்கள். 6 லட்சம் உடனே நிறுத்தி வைக்கப்படும். மீதி 4 லட்சத்திலும் பாதி பங்கு. குறிப்பிட்ட காலம் விற்க முடியாது. ஆக, அந்த வருடம் கையில் விழும் ரொக்கம் 2 லட்சம் மட்டும், அதிலும் வரி போகும். நிறுத்தி வைத்த 6 லட்சத்தில் முதல் மூன்று வருடம் காலணா வராது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏழாம் ஆண்டு வரை வரும். அதற்குள் அவர் காலத்தில் நடந்த தப்பு வெளியே வந்தால் வராததை ரத்து செய்யலாம். இதை 'மாலஸ்' என்பார்கள். வந்ததைத் திரும்பக் கேட்பதற்கு 'கிளாபேக்' என்று பெயர். அதற்கான கெடு ஏழு ஆண்டு, விசாரணை நடந்துகொண்டிருந்தால் பத்து வரை.

என்னைக் கேட்டால், நெருக்கடிக்குப் பிறகு ஊதிய விஷயத்தில் செய்த மிக உருப்படியான காரியம் இந்தத் தாமதம்தான். எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதில் எல்லோருக்கும் கண். எப்போது கொடுக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஐரோப்பா போனஸுக்கு உச்சவரம்பு போட்டதே, அது பலித்ததா?

2014 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், அபாயமான முடிவெடுக்கும் வங்கி ஊழியரின் போனஸ் அவருடைய நிலையான சம்பளத்தைத் தாண்டக் கூடாது. பங்குதாரர்கள் தனியாக ஒப்புதல் கொடுத்தால் இரண்டு மடங்கு வரை போகலாம். கைதட்டல் கிடைத்த சட்டம். அடி யாருக்கு என்றால் லண்டனுக்கு: 2012இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 லட்சம் யூரோவுக்கு மேல் வாங்கிய வங்கி ஊழியர்கள் 3,530 பேர், அதில் 2,714 பேர் பிரிட்டனில். அதனால்தான் பிரிட்டன் இதை எதிர்த்து ஐரோப்பிய நீதிமன்றம் போனது. அந்த நீதிமன்றத்தின் சட்ட ஆலோசகர் கருத்து எதிராக வந்ததும் 2014 நவம்பரில் வழக்கை வாபஸ் வாங்கியது.

வங்கிகள் என்ன செய்தன? சம்பளத்தைக் கூட்டின. 'பதவிப்படி' என்று புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தன. எச்எஸ்பிசி தலைமை அதிகாரிக்கு 2014இல் அந்தப் படி வாரத்துக்கு 32,000 பவுண்டு. போனஸ் என்ற பெயரில் கொடுத்தால்தானே வரம்பு? ஐரோப்பிய வங்கி ஆணையம் இது தகிடுதத்தம் என்று அறிக்கை விட்டது.

இதில் உண்மையான சேதம் வேறு. நிலையான சம்பளத்தை நட்டம் வந்தால் குறைக்க முடியாது, திரும்ப வாங்கவும் முடியாது. போனஸாக இருந்தால் ஏழு வருடம் பிடித்து வைக்கலாம். ஆக, உச்சவரம்பு ஒரு கையால் கொடுத்த கடிவாளத்தை மறுகையால் அவிழ்த்துவிட்டது. பிரிட்டன் 2023 அக்டோபர் 31 முதல் வரம்பை நீக்கியபோது சொன்ன காரணம் இதுதான், அந்த அளவில் அது சரியும்கூட. ஆனால் கோல்ட்மன் சாக்ஸ் அடுத்த ஆண்டே தன் பிரிட்டன் ஊழியர்களுக்கு சம்பளத்தைப் போல 25 மடங்கு வரை போனஸ் தரலாம் என்று வைத்துக்கொண்டது. சரியான வாதம் எந்த ஊருக்கு வண்டி ஓட்டுகிறது பாருங்கள்.

அமெரிக்கா?

2010 ஜூலை 21 அன்று ஒபாமா கையெழுத்திட்ட டாட்-ஃபிராங்க் சட்டத்தில் பிரிவு 956 என்று ஒன்று உண்டு. வங்கிகளில் முறையற்ற அபாயத்தைத் தூண்டும் ஊதியத்தைத் தடுக்க, ஆறு ஒழுங்குமுறை அமைப்புகள் சேர்ந்து விதி எழுத வேண்டும் என்கிறது. 2011இல் வரைவு, 2016இல் வரைவு, 2024இல் மறுபடி வரைவு. அதிலும் மத்திய வங்கி சேரவில்லை. விதி வந்தபாடில்லை. தப்புக் கணக்கு காட்டி வாங்கிய ஊக்கத்தொகையைத் திரும்பப் பெற வேண்டும் என்ற இன்னொரு பிரிவு மட்டும் 13 ஆண்டு கழித்து, 2023 கடைசியில் நடைமுறைக்கு வந்தது.

கிளாபேக் எங்காவது நிஜமாகவே நடந்திருக்கிறதா, இல்லை ஏட்டுச் சுரைக்காயா?

நடந்திருக்கிறது, குறைவாக.

மலேசியாவின் 1எம்டிபி அரசு நிதிக்காக கோல்ட்மன் சாக்ஸ் 2012-13இல் 650 கோடி டாலர் கடன் பத்திரம் திரட்டிக் கொடுத்து, சுமார் 60 கோடி டாலர் கட்டணம் வாங்கியது. திரட்டிய பணத்தில் பெரும்பகுதி களவு போனது அம்பலமானது. 2020 அக்டோபரில் பல நாட்டு அதிகாரிகளோடு தீர்வுக்கு வந்த அன்றே, இந்நாள் முன்னாள் அதிகாரிகளிடமிருந்து 17.4 கோடி டாலரைத் திரும்பப் பெறவோ நிறுத்தவோ போவதாக வங்கி அறிவித்தது. வாடிக்கையாளருக்குத் தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குத் திறந்த வெல்ஸ் ஃபார்கோ, தன் முன்னாள் தலைவர் ஜான் ஸ்டம்ஃபிடமிருந்து 2016, 2017இல் இரண்டு சுற்றாகச் சுமார் 6.9 கோடி டாலர் பிடித்தது. அதற்கு முன் அடிமட்ட ஊழியர்கள் 5,300 பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

யாரும் விவாதிக்கத் தேவையில்லாமல் தானாகவே நடந்த உதாரணம் கிரெடிட் சூயிஸ். ஊழியர் போனஸில் ஒரு பகுதியை, வங்கி தடுமாறினால் மதிப்பிழக்கும் பத்திரமாகக் கொடுத்து வைத்திருந்தது. 2023 மார்ச்சில் அந்த வங்கியை யுபிஎஸ் வாங்கியபோது 1,600 கோடி ஃபிராங்க் அபாயப் பத்திரங்கள் பூஜ்யமாக்கப்பட்டன. ஊழியரின் பத்திரமும் அதோடு போனது. பாதிக்கப்பட்டவர்கள் நீதிமன்றப் படி ஏறினார்கள். ஆனாலும் இந்த வடிவம்தான் எனக்குப் பிடித்தது. தலைவரின் ஊதியம் பங்குதாரர் பக்கம் சாயாமல், கடன் கொடுத்தவர் பக்கம் சாய்கிறது.

இந்தியாவில் என்ன விதி?

தனியார் வங்கித் தலைவரின் சம்பளத்துக்கு ரிசர்வ் வங்கியின் முன் ஒப்புதல் தேவை. வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 35பி பிரிவு. உலக விதிகளை ஒட்டி 2012 ஜனவரியில் வந்த வழிகாட்டுதல், போனஸை நிலையான சம்பளத்தில் 70 சதவீதத்துக்குள் அடக்கியது. ஆனால் பங்கு விருப்ப உரிமையை, அதாவது இசாப்பை, கணக்கில் சேர்க்காமல் விட்டதால் ஓட்டை பெரிதாக இருந்தது. 2019 நவம்பரில் அதை மாற்றினார்கள்: இசாப்பும் போனஸ்தான், மொத்த ஊதியத்தில் பாதியாவது செயல்திறனைப் பொறுத்ததாக இருக்க வேண்டும், அது சம்பளத்தைப் போல மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது, அதில் குறைந்தது 60 சதவீதம் தள்ளி வைக்கப்பட வேண்டும். ஐரோப்பா சம்பளத்தை நோக்கித் தள்ளியது, ரிசர்வ் வங்கி போனஸை நோக்கித் தள்ளியது. பிடித்து வைக்கக்கூடிய பணம் கூடுதலாக இருக்கட்டும் என்ற தர்க்கம் சரியென்றே படுகிறது.

ஐசிஐசிஐ வங்கி 2019 ஜனவரியில், விசாரணைக் குழு அறிக்கைக்குப் பின், தன் முன்னாள் தலைவர் சந்தா கொச்சாருக்கு 2009 ஏப்ரல் முதல் 2018 மார்ச் வரை கொடுத்த போனஸ் அனைத்தையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவர் அதை எதிர்த்து நீதிமன்றம் போனார்.

சம்பளம் குறைவாக இருந்தால் வங்கி பத்திரமாக இருக்கும், அப்படித்தானே?

இல்லை. நம் பொதுத்துறை வங்கித் தலைவர்களின் சம்பளம் தனியார் வங்கித் தலைவர்களோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனாலும் 2018 மார்ச்சில் பொதுத்துறை வங்கிகளின் வாராக்கடன் 14 சதவீதத்துக்கு மேல். பேராசை மட்டுமே வங்கியைக் கவிழ்ப்பதில்லை. அரசியல் அழுத்தம், அசட்டை, "நம் காலத்தில் வெடிக்காது" என்ற நினைப்பு, எல்லாம் சேர்ந்தே கவிழ்க்கின்றன.

அதனால்தான் ஊதிய விதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் மூலதன விதிக்கு அது மாற்றாகாது. வங்கிகளின் மூலதனத்துக்கான உலக விதியான 2010 பாசல் 3 ஒப்பந்தப்படி, அபாயத்துக்கேற்ப எடைபோட்ட சொத்தில் 7 சதவீதமாவது வங்கியின் சொந்த முதலாக இருக்க வேண்டும். எடைபோடாத கணக்கில் 3 சதவீதம். அதாவது 100 ரூபாய் சொத்தில் 97 ரூபாய் கடனாக இருக்கலாம்! அனத் அட்மாட்டி, மார்ட்டின் ஹெல்விக் போன்ற பொருளாதார அறிஞர்கள் இதை 20, 30 சதவீதமாக்கச் சொன்னார்கள். வங்கிகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெரிய போனஸ் தராவிட்டால் திறமைசாலிகள் ஓடிவிடுவார்கள் என்கிறார்களே?

2009 டிசம்பரில் பிரிட்டன் நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் 25,000 பவுண்டுக்கு மேற்பட்ட போனஸுக்கு 50 சதவீத ஒருமுறை வரி போட்டபோதும் இதைத்தான் சொன்னார்கள். வங்கிகள் போனஸைக் குறைக்கவில்லை, வரியைத் தாங்களே கட்டின. 55 கோடி பவுண்டு எதிர்பார்த்த இடத்தில் 200 கோடிக்கு மேல் வசூலானது. லண்டன் காலியாகிவிடவில்லை.

யாராவது சிறைக்குப் போனார்களா?

ஐஸ்லாந்தில் போனார்கள், அங்கே மூழ்கிய பெரிய வங்கிகளின் தலைவர்களே தண்டனை பெற்றார்கள். அமெரிக்காவில் நெருக்கடி தொடர்பாகக் கம்பி எண்ணிய குறிப்பிடத்தக்க வங்கியாளர் கிரெடிட் சூயிஸின் கரீம் செராகெல்டின், 30 மாதம். பொறுப்பற்ற முடிவால் வங்கியைக் கவிழ்ப்பதையே குற்றமாக்கி, ஏழாண்டு வரை சிறை என்று பிரிட்டன் 2013இல் சட்டம் போட்டது.

இவ்வளவு விதிகளுக்குப் பிறகும் 2023இல் சிலிக்கான் வேலி வங்கி எப்படிக் கவிழ்ந்தது?

மார்ச் 9 அன்று ஒரே நாளில் 4,200 கோடி டாலர் டெபாசிட் வெளியேறியது. மறுநாள் வங்கி மூடப்பட்டது. மூடுவதற்குச் சில மணி நேரம் முன்புதான் ஊழியர்களுக்கு வருடாந்திர போனஸ் போய்ச் சேர்ந்திருந்தது. தலைமை அதிகாரி கிரெக் பெக்கர் அதற்கு இரண்டு வாரத்துக்குள்ளாக 36 லட்சம் டாலர் பங்குகளை விற்றிருந்தார். அந்த அளவு வங்கிகளைக் கடுமையான கண்காணிப்பிலிருந்து விடுவித்தது 2018ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம். எல்லையை 5,000 கோடி டாலரிலிருந்து 25,000 கோடிக்கு உயர்த்தினார்கள். பிரிவு 956 கேட்ட விதி எழுதப்பட்டிருந்தால் மூத்த அதிகாரிகளின் போனஸில் ஒரு பங்காவது வங்கியிலேயே நின்றிருக்கலாம்.

பிரிட்டனும் 2025 அக்டோபரில் மூத்த அதிகாரிகளின் போனஸ் தாமதத்தை நான்கு ஆண்டாகக் குறைத்துவிட்டது. காரணம், போட்டித்திறன். 2007இலும் இதே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் டெபாசிட் வைத்திருக்கும், பங்கு வைத்திருக்கும் வங்கியில் இதை எப்படிப் பார்ப்பது?

ஆண்டறிக்கையில் ஊதிய வெளியீடு என்று ஒரு பகுதி இருக்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி கட்டாயம். பெரும்பாலோர் தலைவரின் மொத்தச் சம்பளத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு மூடிவிடுவார்கள். இன்னும் கொஞ்சம் கீழே போங்கள். தள்ளி வைத்த ஊதியம் எவ்வளவு, அதில் ரொக்கம் எவ்வளவு, பங்கு எவ்வளவு, அந்த ஆண்டில் குறைக்கப்பட்டது எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். வாராக்கடன் எகிறிய ஒரு வருடத்தில், அபராதம் விழுந்த ஒரு வருடத்தில், அந்தக் கடைசி வரியில் 'இல்லை' என்று போட்டிருந்தால், பொதுக்குழுவில் எழுந்து ஏன் என்று கேட்கப் பங்குதாரருக்கு உரிமை உண்டு.